வெங்காயத்துக்குத் தடை போட்டால் விலை அடங்குமா?

புரட்டாசி, ஐப்பசியில் பல்லாரி வெங்காய விலை ஏறும்போதெல்லாம் ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லும் குரலும் கூடவே எழுகிறது. 2019, 2020, 2023 என மூன்று முறை தில்லி அந்தக் குரலுக்குச் செவிசாய்த்துத் தடை போட்டது. அந்தக் கோரிக்கையைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகள் சரிதானா என்று பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: வெளிநாட்டுக்கு அனுப்புவதால்தான் இங்கே விலை ஏறுகிறது.

2022-23இல் இந்தியாவில் விளைந்த வெங்காயம் ஏறத்தாழ 3 கோடி டன். கப்பலிலும் லாரியிலும் வெளியே போனது ஏறத்தாழ 25 லட்சம் டன். நூற்றுக்கு எட்டுப் பங்கு. சரக்கு குறைந்த மாதங்களில் அந்த எட்டுப் பங்கும் விலையை அசைக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் விலையேற்றத்தின் வேர் பருவத்தில் இருக்கிறது. ஓராண்டு விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு ராபி பருவத்தில், பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் வந்துவிடுகிறது. அடுத்த காரிஃப் வெங்காயம் சந்தையை நிறைக்க ஐப்பசி தாண்ட வேண்டும். இடைப்பட்ட ஐந்தாறு மாதம் பட்டறையில், அதாவது சேமிப்புக் கொட்டகையில், போட்டு வைத்ததைத்தான் நாடு முழுவதும் சாப்பிடுகிறோம். அதிலும் முளைவிட்டு, அழுகி, எடை வற்றிக் கால் பங்கு, சில ஆண்டுகளில் அதற்கு மேலும் வீணாகிறது. காரிஃப் பயிர் மழையில் சிக்கினால் அந்த இடைவெளி இன்னும் நீள்கிறது. 2023-24இல் அரசு வாங்கி இருப்பு வைக்க முடிவு செய்தது கடைசியில் 7 லட்சம் டன். நாட்டின் விளைச்சலில் நூற்றுக்கு மூன்று கூட இல்லை.

நம்பிக்கை: விலை ஏறினால் விவசாயிக்குக் கொண்டாட்டம்.

2023 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மண்டிக்கு ஒரு விவசாயி 512 கிலோ வெங்காயம் கொண்டுபோனார். கிலோ ஒரு ரூபாய்க்குப் போனது. வண்டி வாடகை, இறக்குக் கூலி, எடைக் கூலி எல்லாம் கழிந்தபின் அவர் கைக்கு வந்தது இரண்டு ரூபாய்க்கான காசோலை. அதுவும் பின்தேதியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் விலை ஏறத் தொடங்கியதும் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி வந்தது. அக்டோபரில் டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வந்தது. டிசம்பர் 8இல் முழுத் தடை. நாசிக் மாவட்டத்தின் லாசல்காவ் மண்டியில் சில வாரங்களுக்குள் விலை பாதியளவுக்குச் சரிந்தது. விலை விழுந்தபோது விவசாயிகளை ஏனென்று கேட்க ஆளில்லை. ஏறியபோது மட்டும் அரசு ஓடி வந்தது. இந்த ஓரவஞ்சனைதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

நாம் கடையில் வெங்காயத்துக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைவித்தவருக்குப் போவது சுமார் 36 பைசா என்று ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கணக்கிட்டது. தக்காளியில் 33 பைசா. பட்டறை வசதி இல்லாத சிறு விவசாயி வைகாசியிலேயே விற்றுவிடுகிறார். ஐப்பசி விலை அவர் கண்ணில் படுவதே இல்லை.

நம்பிக்கை: நாலு மாதத் தடைதானே, என்ன கெட்டுவிடும்?

மார்ச் 31 வரை என்று சொன்ன தடை 2024 மே 4 வரை நீண்டது. தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதன் பிறகும் வரி ஒட்டிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 1இல்தான் முழுவதும் நீங்கியது. வங்கதேசம், இலங்கை, மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் நம் வெங்காயத்தை நம்பிச் சமைத்த நாடுகள். தடை வரும்போதெல்லாம் அங்குள்ள வியாபாரிகள் பாகிஸ்தானையும் சீனாவையும் எகிப்தையும் தேடிப் போகிறார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை.

நம்பிக்கை: அரிசிக்குத் தடை போட்டது கிடங்கு காலியானதால்தான்.

வெங்காயத்துக்கு நடந்தது அரிசிக்கும் நடந்தது. 2023 ஜூலை 20இல் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதி தடை செய்யப்பட்டபோது, ஜூலை மாதத்துக்கு மத்தியத் தொகுப்பில் இருக்க வேண்டிய அரிசி சுமார் 135 லட்சம் டன். கையில் இருந்தது அதைவிட மிக அதிகம். பருவமழை பொய்க்குமோ என்ற பயமும் உள்நாட்டு விலையும்தான் தடைக்குக் காரணம். உலகில் விற்பனைக்கு வரும் அரிசியில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுடையது என்பதால், அடுத்த மாதமே தாய்லாந்து அரிசி 15 ஆண்டுகளில் காணாத விலையைத் தொட்டது. அதை வாங்கித் தின்னும் ஆப்பிரிக்க ஏழைக்கு நம் கிடங்கு நிரம்பியிருந்த கதை தெரியாது.

நம்பிக்கை: அப்படியானால் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் போதும்.

இதுவும் தவறு. எண்ணெய் வித்துகளுக்கென 1986இல் தொடங்கிய தொழில்நுட்ப இயக்கத்தால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாடு ஏறக்குறையத் தன் காலில் நின்றது. பிறகு இறக்குமதி தாராளமானது, பாமாயில் வந்து குவிந்தது, கடலைக்கும் எள்ளுக்கும் விலை கிடைக்காமல் போனது. இன்று நமக்கு வேண்டிய எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் 28இல் இந்தோனேசியா தன் மக்களுக்கு விலை குறைய வேண்டுமென்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது, வெங்காயத்துக்காக வங்கதேசம் தவித்த இடத்தில் நாம் நின்றோம். தமிழக ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயில் பாக்கெட்டுக்கும் அரசு சந்தை விலை கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும்.

நகரத்து ஏழைக்கு வெங்காயம் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தச் செலவை நாசிக் விவசாயியின் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். விலை எந்த அளவைத் தாண்டினால் எவ்வளவு வரி என்பதை விதைப்புக்கு முன்பே அறிவித்துவிடலாம். வியாபாரியும் விவசாயியும் அதற்கேற்பத் திட்டமிடுவார்கள். ஊருக்கு ஊர் நல்ல காற்றோட்டமுள்ள பட்டறைகளுக்கு மானியம் வேண்டும். விலை விழும் வைகாசியில் அரசு கொள்முதல் செய்ய வேண்டும், 7 லட்சம் டன்னோடு நிற்காமல்.