மேடு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடு

கியர் சைக்கிள் வாங்கி மாசம் ஒண்ணாச்சு, நீ இன்னும் ஒரே கியர்லதான் ஓட்டுற கண்ணு. 21 கியர்னதும் மலைச்சுடாதே. பெடல்கிட்ட 3 பல்சக்கரம், பின்னால 7. மூவேழு இருபத்தொண்ணு, அவ்ளோதான். இடது கை லீவர் முன்பக்கத்தை மாத்தும், வலது கை லீவர் பின்பக்கத்தை.

ஒருநாள் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு, பெடலைக் கையால சுத்திப் பாரு. முன்னால 42 பல், பின்னால 14 பல்லுன்னா பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரம் 3 சுத்து ஓடும். அதையே முன்னால 24, பின்னால 28-க்கு மாத்து. சக்கரம் ஒரு முழுச் சுத்துகூட வராது. தூரம் குறையுது, அதான் கால் லேசாகுது. மேட்டுக்கு முன்னால சின்னது, பின்னால பெருசு. சமதளத்துல விரட்டிப் போகணும்னா நேர்மாறு.

கியர் வேகத்துக்குன்னு நினைக்காதே. அது உன் காலுக்கு. மேடோ எதிர்காத்தோ, கால் ஒரே சீரா சுத்தணும். 15 விநாடியில வலது முழங்கால் 18லேர்ந்து 22 தடவை மேல வந்தா சரியான கியர்ல இருக்கே. கனமான கியர்ல முக்கி முக்கி மிதிச்சா முழங்கால்தான் வலிக்கும்.

காலேஜ் படிக்கறப்ப மேம்பாலத்துல பாதி ஏறின பிறகு, மூச்சு வாங்க மிதிச்சுக்கிட்டே இடது லீவரை மாத்தினேன். கடக்குன்னு ஒரு சத்தம், செயின் கழண்டுடுச்சு, பெடல் வெறுமனே சுத்துது. பின்னாலயே பஸ் ஹாரன். இன்னிக்கும் நெஞ்சு படபடக்குது. அதனால பாலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாத்திடு. மாத்தறப்ப பெடல் சுத்திக்கிட்டே இருக்கணும், ஆனா அழுத்தக் கூடாது; அந்த ஒரு சுத்துக்குக் கால் சும்மா கூடவே போகட்டும். நின்ன சைக்கிள்ல லீவரைத் தொடாதே. சிக்னல் தெரிஞ்சதுமே, ஓடுறப்பவே லேசான கியருக்கு வந்துடு.

முன்னால பெருசு, பின்னாலயும் பெருசுன்னு போட்டா செயின் கோணலா இழுபடும், சீக்கிரம் தேயும். ரெண்டும் சின்னதுன்னாலும் அப்படித்தான். உரசுற சத்தம் கேட்டா ஒரு கியர் தள்ளிப் போடு.

அப்படியும் செயின் கழண்டா பதறாதே. ஓரமா நிறுத்து. பின்னால தொங்குற கியர் கையை முன்னுக்குத் தள்ளினா செயின் தொய்யும். சின்ன பல்சக்கரத்து மேல அதை மாட்டி, பெடலை மெதுவா முன்னோக்கிச் சுத்து. பையில ஒரு பழைய துணி வெச்சுக்கோ. அந்தக் கருப்பு மசி சுடிதார்ல பட்டா லேசுல போகாது.