மாமரத்தடியில் என்ன நடலாம்?

பேத்திக்கு,

கொல்லையிலுள்ள மாமரத்தின் நிழலால் ரோஜாவும் செம்பருத்தியும் பூக்காமல் நலிகின்றன என்றும், மரத்தை வெட்டிவிடலாமா என்றும் கேட்டு எழுதியிருந்தாய். வேண்டாம், அம்மா. வெயிலை நம்பி வாழும் செடிகளை நிழலில் நட்டுவிட்டு மரத்தைக் கோபிப்பது நியாயமன்று. பெரிய விருட்சங்களின் கீழேயே முளைத்து, அங்கேயே பூத்துக் காய்த்து வம்சவிருத்தி செய்யும் ஜாதிகள் நம் மலைக்காடுகளில் எத்தனையோ இருக்கின்றன.

ஆனால் எல்லா நிழலும் ஒன்றல்ல. வேம்பின் அடியில் வெளிச்சம் சல்லடையில் சலித்தாற்போல் விழும். மாவின் நிழலோ ஆண்டு முழுவதும் அடர்த்தியானது. வீட்டின் வடபுறச் சுவரோர நிழல் இன்னொரு விதம். சித்திரை பத்துத் தேதி வாக்கில் உங்கள் சென்னையில் உச்சிக்கு நேரே வரும் சூரியன், அதன்பின் ஆவணி பிறக்கும்வரை நடுப்பகலில் வடக்கே சாய்ந்து நிற்பதால், மார்கழியில் குளிர்ந்து கிடந்த அதே இடம் அக்கினி நட்சத்திரத்தில் வெயிலில் காயும். மார்கழி நிழலை நம்பி அங்கே பெரணி வைத்தால் வைகாசியில் இலை கருகிவிடும்.

மாமரத்துக்கென்று ஒரு தனிக் குணமும் உண்டு. அது பூக்கும் தை, மாசி மாதங்களில் தத்துப்பூச்சிகள் பூங்கொத்துகளின் சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீர் கீழேயுள்ள இலைகளில் படிந்து பிசுபிசுக்கும். பிறகு அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்து இலை முழுவதையும் கறுக்கச் செய்துவிடும். ஆகவே கிளைகளுக்கு நேர்கீழே, நீர் விட்டுக் கழுவினால் சுத்தமாகிவிடும் வழவழப்பான இலையுடைய நந்தியாவட்டையையே நான் விரும்புவேன். வெண்மையான பூ அரையிருளிலும் கண்ணுக்குத் தெரியும். ஒற்றை வெள்ளை இதழ் இலைபோல் விரிந்து நிற்கும் வெள்ளிலைச் செடி அழகானதுதான். ஆயினும் அதன் இலையில் ரோமம் இருப்பதால் சற்று விலக்கி வை. கனகாம்பரமும் வெட்சியும் ஓரங்களில் நன்றாய் வரும். குரோட்டன்ஸ் வாங்கிப் பணத்தை வீணாக்காதே. அடர்ந்த நிழலில் அதன் வர்ணங்கள் மங்கிப் பச்சையாகிவிடும்.

மதிலோரத்தில் ஒரு மனோரஞ்சிதம் இருக்கட்டும். இலையோடு இலையாகப் பச்சைநிறத்தில் மறைந்திருக்கும் அதன் பூ, மஞ்சளாய் முதிர்ந்த பிறகுதான் மணக்கும். எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ அந்தப் பழத்தின் வாசனை வரும் என்று பெண்கள் சொல்வதை நீயே பரீட்சித்துப் பார்.

எனினும் உன் கொல்லைக்கு நான் முக்கியமாகச் சிபாரிசு செய்வது அசோகமே. சீதாபிராட்டியார் சிறையிருந்த வனத்துக்குப் பெயர் தந்த இம்மரம், மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் உயர்ந்த மரங்களின் கீழே வளரும் இயல்புடையது. இதன் தளிர்கள் செம்புநிறத்தில் துவண்டு தொங்குவதைக் கண்டு வாடிவிட்டதென்று பயப்படாதே. சில நாட்களில் பச்சையாகி நிமிர்ந்துகொள்ளும். இளவேனிலில் முதிர்ந்த கிளைகளையும் அடிமரத்தையும் ஒட்டிக் கொத்துக்கொத்தாய் ஆரஞ்சு நிறத்தில் மலர்ந்து, நாட்செல்லச் செல்லச் சிவக்கும் பூக்களில் உண்மையான அல்லியிதழே கிடையாது. புல்லியே அந்த நிறத்தைத் தாங்கி நிற்கிறது. மாவின் கிளைவிரிவு முடியும் கிழக்கோரத்தில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இதை நடு.

மரத்தின் உறிஞ்சுவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியிருக்குமாகையால், பருத்த வேர்களை வெட்டாமல் அவற்றின் இடையே சிறு குழிகளாகத் தோண்டு. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்காதே. ஐப்பசியில் மழை பிடித்ததும் நடுவது உத்தமம்.

கன்று வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. அசோகம் என்று கேட்டால் பலர் நெட்டிலிங்கத்தைக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். விளிம்பு அலை அலையாக நெளிந்த நீண்ட தனியிலையாக இருந்தால் அது நெட்டிலிங்கம். ஒரே காம்பின் இருபுறமும் இணை இணையாகச் சிற்றிலைகள் அமைந்திருந்தால் அதை வாங்கி வா.

இப்படிக்கு,
தாத்தா