பிடித்த புகையை எங்கே வைப்பது?

அன்புள்ள கயல்விழி,

புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் முறை பல காலமாகத் தெரிந்ததுதானே, பிறகு ஏன் எல்லா ஆலைகளும் அதைச் செய்யவில்லை என்று கேட்டிருந்தாய். பிரிப்பது பாதி வேலைதான். பிரித்ததை யார் கொண்டுபோவது, எங்கே வைப்பது, யார் பணம் கட்டுவது? இவற்றுக்கு விடை சொல்லவேண்டியது அரசு.

நார்வேயைப் பார். 1991-இல் அந்நாடு கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. ஸ்லைப்னர் வயலின் எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு கலந்திருந்தது. விற்பதற்கு முன் அதைப் பிரித்தே ஆகவேண்டும். காற்றில் விட்டால் வரி. ஆகவே 1996 முதல், கடலடிக்குக் கீழே உள்ள, உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் அதைச் செலுத்துகிறார்கள். வரி இல்லாவிட்டால் அந்தக் கிணறு தோண்டப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

சிமென்ட் ஆலைக்கு இது இன்னும் கடினம். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வாயு வருகிறது. நிலக்கரியை அடியோடு விட்டாலும் அது வரும். நார்வேயின் பிரெவிக் நகரிலுள்ள சிமென்ட் ஆலையில் சூளைப் புகையை அமீன் கரைசலுக்குள் செலுத்துகிறார்கள். கரைசல் வாயுவைப் பற்றிக்கொள்ளும், சூடேற்றினால் விட்டுவிடும். ஆற்றல் செலவில் பெரும்பகுதி அந்தச் சூட்டுக்குத்தான். ஆலையில் வீணாகும் வெப்பத்தையே பயன்படுத்துவதால், ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டன், அதாவது வெளியேறுவதில் ஏறக்குறைய பாதி மட்டும் பிடிபடும்.

பிடித்ததைக் குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலில் மேற்குக் கரையின் ஓய்கார்டனுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாய் வழியாகக் கடலடிக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புகிறார்கள். கிடங்கு இல்லாமல் ஆலை முதல் போடாது. ஆலை இல்லாமல் கிடங்கை யாரும் கட்டமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க, செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அரசே ஏற்றது. 2020-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 2025-இல்தான் முதல் வாயு பாறைக்குள் போனது. அரசு துணை நின்றும் ஓஸ்லோவின் குப்பை எரிஉலையில் வாயு பிடிக்கும் திட்டம் செலவு கூடியதால் 2023-இல் நிறுத்தப்பட்டு, பிறகே மீண்டும் தொடங்கியது.

சட்டத்தையும் மறந்துவிடாதே. கடலில் கொட்டுவதற்காகக் கழிவைப் பிறநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது லண்டன் நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம். கடலடியில் புதைக்க அனுப்பும் கரியமில வாயுவுக்கு விலக்கு தரும் திருத்தம் 2009-இல் வந்தும் போதிய நாடுகள் ஏற்கவில்லை. 2019-இல்தான், விரும்பும் நாடுகள் அதைத் தற்காலிகமாகப் பின்பற்றலாம் என்று வழி பிறந்தது. கிணற்றை மூடிய பிறகு வாயு கசிந்தால்? கண்காணிப்பும் பொறுப்பும் முதலில் நிறுவனத்துக்கே. பாதுகாப்பு உறுதியான பின்புதான் அரசு ஏற்கும் என்கிறது ஐரோப்பியச் சட்டம்.

நிலக்கரி மின்நிலையங்களை நீட்டித்துக்கொள்ள இதைச் சாக்காகக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். மின்சாரத்துக்கு வெயிலும் காற்றும் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லுக்கு அப்படி எளிதான மாற்று இல்லை. பொதுப்பணத்தை அங்கே செலவிடுவதுதான் நியாயம்.

நீ படிப்பது வேதிப்பொறியியல். அதோடு நிலவியலும் கொஞ்சம் சட்டமும் படித்துவை. அடுத்தமுறை எந்த ஆலைக்குப் போனாலும், பிடிக்கும் வாயுவை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று முதலில் கேள்.

அன்புடன்,
பெரியப்பா