அவெய்ட் காத்திருக்காத இடம்

நவீன ஜாவாஸ்கிரிப்ட் என்று இன்று கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி 2015 ஜூனில் வெளியான இஎஸ்6 தரநிலையில் வந்தது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி, இருபது ஆண்டு கழித்துத்தான் இவ்வளவு பெரிய திருத்தத்தைக் கண்டது. அதன்பின் டிசி39 குழு தயாரிக்கும் புதிய பதிப்பு ஆண்டுதோறும் வருகிறது.

இஎஸ்6 வசதிகளில் பலவற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு வார இறுதி போதும். வார் இருந்த இடத்தில் கான்ஸ்ட். மதிப்பு மாறுமென்றால் லெட். கான்ஸ்ட் என்று அறிவித்த அரேக்குள் புஷ் செய்யலாம், அந்தப் பெயருக்கு வேறொரு அரேயைத்தான் கொடுக்க முடியாது. கூட்டல் குறியால் சொற்களை ஒட்டும் வேலையை பேக்டிக் டெம்ப்ளேட் எடுத்துக்கொள்கிறது. ஆப்ஜெக்டிலிருந்து வேண்டியதை மட்டும் உருவ டீஸ்ட்ரக்சரிங் உண்டு. ஆரோ ஃபங்ஷனுக்குச் சொந்தமாக 'திஸ்' கிடையாது. இஎஸ்6க்குப் பின் 2020இல் வந்த இரட்டைக் கேள்விக்குறி நல், அன்டிஃபைன்ட் இரண்டை மட்டுமே 'இல்லை' என்று கொள்ளும். பழைய இரட்டைச் செங்குத்துக் கோடு தள்ளுபடி 0 என்றாலும் 'இல்லை' என்று எண்ணி வேறு மதிப்பைப் போட்டுவிடும். இவற்றில் தவறினால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும், அன்றைக்கே திருத்திவிடலாம்.

2017 பதிப்பில் வந்த ஏசிங்க், அவெய்ட் இரண்டும் அப்படியல்ல. ஏசிங்க் ஃபங்ஷன் தன் விடையை நேரே தராது. 'பிறகு தருகிறேன்' என்ற ப்ராமிஸ் ஒன்றைத்தான் உடனே திருப்பும். விடை வரும்வரை காத்திருப்பது அவெய்ட். ஆனால் அந்த அவெய்ட் தான் எழுதப்பட்டிருக்கும் ஃபங்ஷனை மட்டுமே நிறுத்திவைக்கும். அந்த ஃபங்ஷனை அழைத்தவர் காத்திருப்பாரா என்பது வேறு கேள்வி. பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் புதியவர்கள் விழுகிறார்கள்.

வேலையில் சேர்ந்தவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். இரண்டாயிரம் பேருக்கு மின்னஞ்சலில் ரசீது அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபார்-ஈச்சுக்கு ஓர் ஏசிங்க் ஃபங்ஷனைக் கொடுத்து, உள்ளே அவெய்ட் போட்டு, அடுத்த வரியில் 'எல்லாம் அனுப்பியாயிற்று' என்று பதிவு செய்தால் கோட் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஆனால் ஃபார்-ஈச் தனக்குக் கொடுத்த ஃபங்ஷன் திருப்பும் எதையும் கண்டுகொள்ளாது. இரண்டாயிரம் அழைப்பும் ஒரே மூச்சில் கிளம்பும். ப்ராமிஸ்கள் கேட்பாரற்றுப் போகும். ஒரு கடிதம்கூடப் போய்ச் சேருமுன் 'அனுப்பியாயிற்று' என்ற வரி பதிவாகிவிடும். சோதனைக்கு வைத்த ஐந்து பேருக்கு எல்லாம் சரியாகப் போயிருக்கும். இரண்டாயிரம் பேர் என்றதும் மின்னஞ்சல் சேவை ஒரு கட்டத்தில் மறுக்கத் தொடங்கும்.

சுற்றிலும் டிரை-கேட்ச் போட்டிருந்தாலும் அந்த எரர் அதில் சிக்காது, ஏனென்றால் எரர் வரும்போது டிரை எப்போதோ முடிந்திருக்கும். நோட்.ஜேஎஸ் 15க்கு முன் இதற்கு ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். 15இலிருந்து நிரலே பாதியில் சாகும். யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்பதற்குப் பதிவு இல்லை. மறுபடி ஓட்டினால் பலருக்கு இரண்டாவது ரசீது போகும்.

இந்தப் பிழையைப் பல நேரம் புதியவர் தானாக எழுதுவதில்லை. அவர் ஃபார்-ஆஃப் லூப்தான் எழுதியிருப்பார், அது சரியாகவும் ஓடியிருக்கும். கோட் ரிவியூவில் ஒரு சீனியர் வந்து, 'இன்னுமா பழைய லூப்? ஃபார்-ஈச் போடுங்க' என்று எழுதிவிட்டுப் போவார். பழசு எது என்பதிலேயே அந்த அறிவுரை பிசகுகிறது. ஃபார்-ஈச் 2009இல் இஎஸ்5 காலத்தில் தரநிலைக்கு வந்தது. ஃபார்-ஆஃப் லூப் 2015இல் வந்தது. பட்டியலில் ஒவ்வொன்றாகக் காத்திருந்து செய்ய வேண்டிய வேலைக்கு ஃபார்-ஆஃப்தான் சரி. அதற்குள் போடும் அவெய்ட் உண்மையிலேயே காத்திருக்கும், எரரும் டிரை-கேட்ச்சில் விழும், ஒவ்வொரு ரசீது போனதும் அவர் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டே போகலாம். மெதுவாக ஓடும் என்பது உண்மை. ரசீது நான்கு நிமிடம் தாமதமானால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. இரண்டு முறை வந்தால் எல்லோரும் கேட்பார்கள்.

வேகம் தேவையென்றால் மேப் செய்து, கிடைக்கும் ப்ராமிஸ்களை ப்ராமிஸ்.ஆல் வசம் கொடுக்கலாம். ஒன்று தோற்றாலும் அது மொத்தத்தையும் தோல்வி என்று அறிவித்துவிடும். மற்றவை பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றின் கதியும் தெரிய வேண்டுமானால் 2020இல் சேர்ந்த ஆல்-செட்டில்ட் பொருத்தம். எப்படியானாலும் இரண்டாயிரத்தையும் ஒன்றாக அவிழ்த்துவிடாமல் இருபது இருபதாகப் பிரித்து அனுப்ப வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு பிழை உண்டு. அனுமதி உள்ளதா என்று பார்க்கும் ஏசிங்க் ஃபங்ஷனை இஃப்புக்குள் அவெய்ட் இல்லாமல் அழைத்தால், கிடைக்கும் ப்ராமிஸ் ஓர் ஆப்ஜெக்ட் என்பதால் நிபந்தனை எப்போதும் உண்மையாகும். அனுமதி இல்லாதவரும் உள்ளே வருவார்.

டைப்ஸ்கிரிப்டில் எழுதுபவர்களுக்கு இந்த இரண்டையும் பிடிக்கும் விதி டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லின்ட்டில் இருக்கிறது: நோ-மிஸ்யூஸ்ட்-ப்ராமிசஸ். அவெய்ட் இல்லாமல் அந்தரத்தில் விடப்படும் அழைப்புகளுக்கு நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ் என்று தனி விதி உண்டு. புதிய ப்ராஜெக்ட் தொடங்கும் நாளிலேயே இரண்டையும் இயக்கிவையுங்கள். ரிவியூவில் யார் என்ன சொன்னாலும் அணைக்காதீர்கள்.