பகிர்வும் பணியும்

நுழையும்முன்

ஒரு செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்ப ஒரு நொடி போதும். ஒரே ஒருவருக்கு உதவுவதற்கோ நேரமும் உழைப்பும் பொறுப்பும் வேண்டும். சமூக ஊடகங்கள் பெருகிய இக்காலத்தில், பகிர்வதையே உதவுவதாக எண்ணி நாம் மனநிறைவு கொள்கிறோமா? இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு வீட்டின் இரவு

நம்முள் எவர் வீட்டிலும் நிகழக்கூடிய காட்சி இது. இரவு எட்டு மணி. அம்மா அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார். கூடத்தில் பாட்டி, வெளிநாட்டில் பணிபுரியும் பேரனின் முகத்தைத் திறன்பேசியின் திரையில் கண்டு மகிழ்கிறார். அழைப்பு முடிந்ததும் தம் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பேத்தியோ தன் திறன்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் ‘உம்’ கொட்டுகிறாள். கடல்கடந்து இருப்பவரை அருகில் கொண்டுவந்த அதே கருவி, அருகில் இருப்பவரைத் தொலைவில் நிறுத்திவிடுகிறது. சமூக ஊடகங்களை முழுமையாக ஏற்கவும் இயலாமல், முற்றிலும் விலக்கவும் இயலாமல் நம் குடும்பங்கள் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே.

அவ்வேளையில் பேத்தியின் வாட்ஸ்அப் குழுவிற்கு ஒரு செய்தி வருகிறது: “உயிருக்குப் போராடும் நோயாளிக்கு ‘ஓ நெகட்டிவ்’ குருதி உடனடியாகத் தேவை.” கீழே ஒரு தொலைபேசி எண். பேத்தி அதனை ஒன்றன்பின் ஒன்றாக நான்கு குழுக்களுக்கு அனுப்புகிறாள். ஓர் உயிரைக் காக்கத் துணைநின்றதாக அவள் மனம் நிறைகிறது.

“அந்த எண்ணுக்குப் பேசிப் பார்த்தாயா?” என்று அம்மா கேட்கிறார். அவள் பேசவில்லை. இப்போது அழைக்கிறாள். மறுமுனையில் ஒருவர் தளர்ந்த குரலில் கூறுகிறார்: “அது ஆவணி மாதம் அனுப்பிய செய்தி, அம்மா. எங்கள் அண்ணன் அந்த வாரமே போய்விட்டார். இன்னும் நாள்தோறும் யாராவது கேட்கிறார்கள்.”

அப்போது நடப்பது தை மாதம். அவள் அனுப்பிய செய்தி எவரையும் காப்பாற்றவில்லை. ஆறாத துயரைத்தான் மீண்டும் கிளறியது. அவள் உள்ளத்தில் இருந்த இரக்கம் பொய்யன்று. அவ்விரக்கம் ஒரே ஓர் அடி எடுத்துவைக்கத் தவறியதே குறை. நாள், மருத்துவமனை, தேவையின் அளவு ஆகியவற்றை ஓர் அழைப்பால் அறிந்திருக்கலாம்.

வெள்ளம் காட்டிய இரு முகங்கள்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில், 24 மணி நேரத்திற்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரைபுரண்டது. சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. அந்நாள்களில் சமூக ஊடகங்கள் அரும்பணி ஆற்றின. முன்பின் அறியாதோர்க்குத் தம் வீட்டில் இடமளிக்க முன்வந்தோர் தம் முகவரிகளை வெளியிட்டனர். மாடியில் சிக்கியோரின் இருப்பிடங்கள் ஊடகங்களின் வழியே மீட்போரைச் சென்றடைந்தன.

அதே நாள்களில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வந்துவிட்டன என்றும், வரலாறு காணாத பெருமழை வரப்போவதாக அமெரிக்காவின் நாசா அறிவித்துள்ளது என்றும் பொய்ச்செய்திகள் பரவின. ஏற்கெனவே அஞ்சியிருந்த மக்களை அவை மேலும் அலைக்கழித்தன. மெய்யும் பொய்யும் ஒரே வழியில், ஒரே விரைவில் பயணம் செய்தன.

இங்கு மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. முகவரிகள் திரையில் வந்துசேர்ந்தாலும், மனிதர்களை மீட்டவை படகுகளே. மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து துடுப்பு வலித்தனர். இளைஞர்கள் உணவுப் பொட்டலங்களைத் தலையில் சுமந்து, மார்பளவு நீரில் நடந்தனர். செய்தி வழிகாட்டியது, உழைப்பு உயிர் காத்தது.

ஆராயாமல் பகிர்வதன் விளைவு அச்சத்தோடு நின்றுவிடுவதில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகப் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்திற்குக் கோயில் வழிபாட்டுக்காக வந்த முதிய பெண்மணி ஒருவர் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்ததே ஐயத்திற்கு இடமாயிற்று. அவ்வதந்தியை முன்னனுப்பியோருள் பலர், பிள்ளைகளைக் காக்கும் நல்லெண்ணத்தோடுதான் அதனைச் செய்திருப்பர். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

நாட்டின் பல இடங்களில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்குமேல் முன்னனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது. எனினும், கருவியில் இடும் வரம்பைவிட, நம் உள்ளத்தில் நாமே இட்டுக்கொள்ளும் வரம்பே வலியது.

தொண்டின் இலக்கணம்

அண்ணல் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. ‘எனக்காக அன்று, உனக்காக’ என்பது அதன் குறிக்கோள். நம் மேல்நிலைப் பள்ளிகளிலும் செயல்படும் இத்திட்டத்தின் மாணவர்கள், ஓர் ஊரில் ஏழு நாள் தங்கி முகாம்பணி ஆற்றுகின்றனர். அங்கு மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, தொண்டின் இலக்கணத்தை விளங்கிக்கொள்கிறது. அழைக்கும்போது அங்கு இருத்தல், சொன்ன சொல் தவறாமை, பணி முடியும்வரை நிற்றல் ஆகிய மூன்றையும் எந்தச் செயலியும் நமக்காகச் செய்துவிடாது.

மீண்டும் அந்த வீட்டிற்கு வருவோம். பேத்தி, தான் செய்தி அனுப்பிய நான்கு குழுக்களிலும் “இச்செய்தி பழையது, அந்த எண்ணை இனி அழைக்க வேண்டா” என்று எழுதுகிறாள். தவற்றை ஒப்புக்கொள்ள அவள் தயங்கவில்லை. குருதிக்கொடை அளிக்க அவளுக்கு இன்னும் வயது வரவில்லை. அடுத்த முகாமிற்கு அம்மா செல்வதாகவும் அவள் உடன்சென்று பணி செய்வதாகவும் இருவரும் முடிவுசெய்கின்றனர். பிறகு திறன்பேசியை அலமாரியில் வைத்துவிட்டுத் தைலக் குப்பியுடன் பாட்டியின் அருகில் அமர்கிறாள். தொண்டு தொலைவில் தொடங்குவதன்று. அது கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

18 முதல் 65 வயதுக்குட்பட்ட, 45 கிலோவிற்குக் குறையாத எடையுள்ள உடல்நலம் உடையோர், மருத்துவப் பரிசோதனைக்குப்பின் குருதிக்கொடை அளிக்கலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடையளிக்கலாம். குருதித் தட்டணுக்களை ஏறத்தாழ 5 நாள்களே பாதுகாக்க இயலும். ஆகவே, முறையாகக் கொடையளிப்போர் எப்போதும் தேவைப்படுகின்றனர். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்களுக்கு முன்னனுப்பப்பட்ட உதவி வேண்டுகோள் ஒன்றின் உண்மைத்தன்மையை எவ்வெவ்வழிகளில் அறிவீர்கள்? வகுப்பில் கலந்துரையாடுக.

2. திறன்பேசி இன்றி உங்கள் குடும்பத்தினருடன் கழித்த ஒரு மாலைப்பொழுதைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.