கொழுப்பும் பசியும்

நெய் சேர்த்த உணவு நெடுநேரம் பசி தாங்கும் என்று நம் இல்லத்து முதியோர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. அதன் காரணத்தை ஈண்டுக் காண்போம்.

கொழுப்பு இரைப்பையில் சிறிதளவே செரிக்கிறது. சிறுகுடலின் தொடக்கப் பகுதியை அடைந்து, கணைய நீரால் கொழுப்பு அமிலங்களாகப் பிரிந்த பின்னரே குடற்சுவரின் உயிரணுக்கள் அதனை உணர்கின்றன. உடனே கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனைக் குருதியில் விடுகின்றன. 1928ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஐவி, ஓல்ட்பெர்க் ஆகியோர் இதனைக் கண்டு பெயரிட்டனர். பித்தப்பையை இயக்குவது என்பதே அந்த நீண்ட பெயரின் பொருள். அதன் ஏவலால் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலில் பாய்ச்சுகிறது. கணையமும் தன் நீரைச் சுரக்கிறது. இரைப்பையோ தன்னிடமுள்ளதை மெல்ல மெல்லவே வெளிவிடுகிறது. வயிறு நிறைந்த உணர்வு நீடிப்பது இதனாலேயே. நரம்பு வழியாக மூளைக்கும் செய்தி செல்கிறது. 1973இல் வெளியான ஆய்வொன்றில், இந்த ஹார்மோன் செலுத்தப்பெற்ற எலிகள் குறைவாக உண்டன.

அவ்வாறாயின் நெய்யைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாமோ எனின், கூடாது. அச்செய்தி எழச் சிறிது நேரம் செல்லும். விரைந்து உண்பவர் அதற்குள் இலையையே காலி செய்துவிடுவர். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்போ 9 கலோரி தருகிறது. மேலும், கொழுப்பு மிகுந்த தீனியைத் தொடர்ந்து உண்ட எலிகளிடத்தில் இந்த ஹார்மோனின் ஆற்றல் மங்கியதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

பித்தப்பையில் கல் உள்ளவர்க்கு வேறொரு தொல்லை. விருந்துண்ட சில நாழிகையில் வலப்புற மேல்வயிற்றில் வலி எழுந்தால், வாயு என்றெண்ணி ஓமநீர் பருகிக் காலங்கடத்துவோரை நாம் காண்கிறோம். கல்லுடைய பை சுருங்குவதால் எழும் வலியாகவும் அது இருக்கலாம். மருத்துவரிடம் சென்று வயிற்றை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.