கல்விச் செலவும் மருந்தும்

பழந்தமிழில் 'செலவு' என்னுஞ் சொல் பயணத்தைக் குறித்தது. இக்காலத்தில் பணம் போவதையே குறிக்கின்றது. மாணவர் கல்விச் சுற்றுலாவிற்குப் புறப்படுங்கால் இருபொருளும் ஒருங்கே பொருந்துதல் நகைப்பிற்குரியது. பஸ் வாடகை, உணவு, தங்குமிடம், நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை ஆசிரியர் பலமுறை கூட்டியுங் கழித்தும் எழுதுகின்றனர். ஆயின், உடன்வரும் பிள்ளைகளுள் எவர் எம்மருந்தை எப்பொழுது உட்கொள்ளுதல் வேண்டும் என்னுங் கணக்கை எழுதுவார் அரியர். அக்கணக்கைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். வைத்தியக் கல்லூரியார் எழுதற்குரிய பொருளைத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் எழுதுவானேன் என்று வினவுவார்க்கு, யாம் கண்டதே விடையாகும்.

இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்பூதூரும், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையுஞ் சிங்கப்பெருமாள் கோயிற் சாலையுங் கூடுகின்ற ஒரகடமும் ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரிநீர் பாய்ந்த நெல்வயலூர்கள். 1998 ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்த் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிற்று. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலையும், 2012 இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையுந் திறக்கப்பட்டன. ஆகவே, ஆதிகேசவப் பெருமாள் கோயில், இராஜீவ் காந்தி நினைவிடம், ஏதேனுமொரு தொழிற்சாலை ஆகிய மூன்றையும் ஒரே பயணத்திற் காட்டலாம் என்று பள்ளியார் பலர் பிள்ளைகளை இவ்வழி அழைத்துவருகின்றனர்.

சென்ற ஆண்டு யாமும் எம் வகுப்பினர் இருவரும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திருவரோடு இவ்வாறான சுற்றுலா ஒன்றிற்குத் துணையாகச் சென்றோம். ஆசிரியர் நால்வர்; இரண்டு பகல், ஓரிரவு. புறப்படுமுன் தலைமை ஆசிரியர், "மருந்து வைத்திருப்பவர் கையுயர்த்துக" என்றார். இருவரே உயர்த்தினர். அவ்வளவில் அவ்விடயம் முடிந்தது.

இரவு ஒரகடத்திற்கு அணித்தாயதொரு விடுதியிற் பிள்ளைகளை உறங்க வைத்தபின், பத்துமணி அளவில் ஒரு பையன் எம் பாயருகே வந்து நின்றான். நெடுநேரம் ஒன்றுஞ் சொல்லவில்லை. பின்னர், "அண்ணா, என் பெரிய பை பஸ்ஸிலேயே இருக்கிறது" என்றான். காலையில் எடுத்துக்கொள்ளலாமே என்றோம். அவன் கண் கலங்கிற்று. "அதில் மாத்திரை இருக்கிறது. எட்டு மணிக்கே போட வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று அப்பா சொன்னார், அண்ணா" என்றான்.

அவனுக்கு வலிப்பு நோய் உண்டு. இரண்டாண்டாக மாத்திரை உட்கொண்டு வருதலின் வலிப்பு வந்திலது. சொன்னாற் சுற்றுலாவிற்கு அழைத்துச் செல்லார் என்றும், ஊரார் அறியின் நாளை இழிவாகும் என்றும் தந்தை அஞ்சியிருக்கின்றார். அவ்வச்சத்தை நாம் எளிதில் இகழ்தற்கில்லை. முன்னொருமுறை வேறொரு பள்ளியில் உண்மை சொன்னதற்காக அவனை விளையாட்டு விழாவினின்றும் நிறுத்தியிருந்தனராம். பஸ்ஸோ ஒரு மைலுக்கு அப்பாலுள்ள கொட்டகைக்குச் சென்றுவிட்டது. ஓட்டுநரின் தொலைபேசி எண் ஆசிரியர் எவரிடமும் இல்லை. விடுதிக் காவலர் ஒருவர் தம் இருசக்கர வண்டியில் எம்மை ஏற்றிச் சென்றார். பதினொன்றேகால் மணிக்குப் பையன் மாத்திரையை விழுங்கினான். அவ்விரவு யாம் உறங்கவில்லை.

வலிப்பு மாத்திரை தவறுதலும் உறக்கங் கெடுதலுமே வலிப்பை மீண்டும் அழைக்கும் இரு பெருங் காரணங்கள் என்று பின்னர் ஒரு மருத்துவர் எமக்குக் கூறினார். சுற்றுலாவின் முதலிரவில் இரண்டும் ஒருசேர நிகழ்தல் இயல்பென்பதை எண்ணிப் பார்க்க. வலிப்பு வந்தவிடத்துச் சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணித்தல் நம் நாட்டு வழக்கம்; அதனாற் பயன் யாதுமில்லை. கைகால்களை அழுத்திப் பிடித்தலும், வாயினுட் கரண்டி முதலியன நுழைத்தலுந் தீங்கே தரும். தலைக்கடியில் மெத்தென்ற துணி வைத்து, ஒருக்களித்துக் கிடத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உடனிருத்தல் வேண்டும். ஐந்து நிமிடங் கடந்தும் நில்லாதாயின் 108 வண்டியை அழைத்தல் கடமை. அவ்வண்டிப் பணி தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெறுகின்றது.

நிற்க. மறுநாள் நிகழ்ந்தது வேறொன்று. தொழிற்சாலைகளில் வாயிற்காவலர் பைகளையுந் தொலைபேசிகளையும் உள்ளே விடார். அது அவர்தம் ஒழுங்கு. நாம் சென்ற இடத்திலும் நாற்பத்திரண்டு பைகளும் வாயிலறையில் அடுக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பையில், பிறந்தநாள் தொட்டன்று, பத்து வயது முதல் இன்சுலின் ஊசி இட்டுக்கொள்ளும் ஒரு பெண்ணின் சர்க்கரைப் பொட்டலமும் குருதிச் சர்க்கரை பார்க்குங் கருவியும் இருந்தன. காலை ஏழுமணிக்கு ஊசியிட்டு உணவுண்டாள். பன்னிரண்டிற்கு முடியவேண்டிய காட்சி, வாயிலில் நேர்ந்த தாமதத்தால் ஒன்றரைக்கும் முடியவில்லை. நடையோ மிகுதி. வரிசையில் நின்றவள் வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குப் பொருந்தா விடை கூறலானாள். களைப்பென்று ஆசிரியர் எண்ணினர். "அவளுக்குச் சர்க்கரை வேணும், டீச்சர்" என்று கத்தியவள் அவளுடைய தோழியே. உணவுக்கூடத்திலிருந்து சர்க்கரை கொணர்ந்து, சிறுகரண்டி மூன்று நீரிற் கரைத்துக் கொடுத்தோம். கால்மணி நேரத்தில் தெளிந்தாள். அதன்பின் உணவுங் கொடுக்கப்பட்டது. இத்தகையார் நினைவிழந்துவிடின் வாயில் ஒன்றும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலிற் சென்றடைக்கும்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95 ஆம் அதிகாரத்தின் இறுதிப் பாட்டில், மருந்து நாற்கூறுடையதென்று ஆசிரியர் வகுக்கின்றார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, அருகிலிருந்து அதனை இயற்றுபவனையும் நான்காவதாக எண்ணி, அவனுக்கு உழைச்செல்வான் என்று பெயரிடுகின்றார். வகுப்பில் இப்பாட்டைப் பயின்ற ஞான்று, நான்காவது கூறு எண் நிரப்புதற்கு வந்ததுபோலும் என்று எம்முள் ஒருவர் கூறியதுண்டு. எம் பயணத்தில் நோயுற்றாரும் மருந்தும் உடனிருந்தனர். மருத்துவர் முன்னரே தம் பணி முடித்திருந்தார். இல்லாதவன் உழைச்செல்வான் ஒருவனே. வீட்டில் தாய் அப்பணியைப் பெயரின்றிச் செய்துவிடுதலின், அவள் இல்லாதவிடத்து அப்பணி ஒன்றுண்டு என்பதே மறந்துபோகின்றது.

அதனை ஏற்பார் செய்யவேண்டுவன பெரிய வித்தைகள் அல்ல. பொதுவில் கையுயர்த்தச் சொல்லுதல் முதற் பிழை. பதின்மூன்று வயதுப் பிள்ளை நாற்பதுபேர் நடுவே தன் நோயைக் கூறாது. பெற்றோருக்குத் தனித்தனியே எழுதி, மூடிய உறையில் விடை பெறுதல் வேண்டும். நோய் இருப்பதனாற் பிள்ளையைத் தள்ளமாட்டோம் என்னும் வாக்கியம் அக்கடிதத்தின் முதல்வரியாக அமைதல் நன்று. அவ்வுறுதியில்லாக் கடிதத்திற்கு உண்மை விடை வாராது. மருத்துவரின் சீட்டு நகலும் உடனிருக்கவேண்டும்.

மருந்தும் அதற்குரிய அட்டையிலேயே இருத்தல் வேண்டும். கடைக்காரர் ஆறு மாத்திரையை வெட்டித் தரும்பொழுது பெயர் ஒரு துண்டிலும் காலாவதி நாள் மற்றொரு துண்டிலும் போய்விடுகின்றன. வீட்டிலோ அவற்றையும் பிரித்துக் காகிதத்தில் மடித்து அனுப்புகின்றனர். வெள்ளை மாத்திரை எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுமாதலின் இது பெருந்தீங்கிற்கு வழி. யார், எது, எவ்வளவு, எப்பொழுது, கொடுத்தவர் எவர் என்பன எழுதிய ஏடொன்று வேண்டும். ஒருவர் கொடுக்க மற்றொருவர் பார்த்திருத்தல் வேண்டும். ஒருவேளை தவறின் மறுவேளையில் இரட்டித்துக் கொடுத்தல் கூடாது. மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும். ஆசிரியர் தம் கைப்பையிலிருந்து எடுத்து எல்லார்க்கும் வழங்கும் தலைவலி மாத்திரையும் இவ்விதிக்கு விலக்கன்று. காய்ச்சலுற்ற சிறாருக்கு ஆஸ்பிரின் கொடுத்தல், அரிதாயினும், ஈரலையும் மூளையையுந் தாக்கும் கொடுநோய்க்கு இடமாகும்.

எம்மருந்து எவர் கையில் இருத்தல் தகும் என்பதே மிகவும் ஆராயத்தக்கது. எல்லாவற்றையும் பூட்டி ஆசிரியர் வைத்துக்கொள்ளுதல் ஒழுங்குபோலத் தோன்றும். ஆயின், மூச்சிரைப்புடையானுக்கு உறிஞ்சுமருந்து வேண்டுவது சாவி தேடும் நேரத்திலன்று. ஒரகடச் சாலையில் லாரி கிளப்பும் புழுதியும், வண்ணம் பூசுமிடத்து நெடியும் எக்கணத்தில் இரைப்பை எழுப்பும் என்று அறிவார் யார்? ஆகலின் உறிஞ்சுமருந்தும் சர்க்கரையும் பிள்ளையின் சட்டைப்பையில் இருத்தல் வேண்டும். நாள்தோறும் வேளை பார்த்துண்ணும் மாத்திரைகள் ஆசிரியரிடம் இருக்கலாம். தொழிற்சாலையாருக்கு முன்னரே எழுதி, இன்ன பிள்ளைகள் இன்னவற்றை உள்ளே கொணர்வர் என்று இசைவு பெற்றால் வாயிலில் வழக்கிராது. 2017 ஆம் ஆண்டிலேயே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நீரிழிவுடைய மாணவர் தேர்வுக்கூடத்திற்குள் சர்க்கரை மாத்திரையும் பழமுங் கொண்டுசெல்ல இசைந்தது. தேர்வுக்கூடத்திற்கு ஒல்வது கார்க்கூடத்திற்கு ஒல்லாதோ? இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டுச் சட்டம் நோயுடைய மாணவரைப் பேணுதலைப் பள்ளியின் கடமையே ஆக்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் அவசரத்திற்கென்று உறிஞ்சுமருந்தைப் பள்ளியே வாங்கிவைத்தலும் இசைவாயிற்று.

இன்சுலினைப் பற்றித் தனியே கூறவேண்டும். 1922 ஜனவரியில் டொரண்டோ நகரில் லெனார்ட் தாம்ஸன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இடப்பட்ட இம்மருந்து, வெப்பத்தையும் பொறாது, உறைதலையும் பொறாது. திறவாப் புட்டிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். திறந்து வழங்குவது 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் கெடாதிருக்கும். உறையிலுள்ள குறிப்பே முடிவானது. வெயிலில் நிறுத்திய பஸ்ஸினுள் வெப்பம் இவ்வெல்லையை எளிதிற் கடந்துவிடும். பனிக்கட்டியின்மேல் நேரே வைப்பினோ உறைந்து கெடும்; உறைந்ததை உருக்கியும் பயனில்லை. குளிர்ப்பெட்டி இல்லாவிடத்து, நீர் தோய்ந்த மணல் நிரப்பிய மண்பானையினுட் சிறு மண்கலம் வைத்து, அதனுட் புட்டியை நீர் படாமல் வைத்தல் நம் ஊர்களில் பலர் கைக்கொள்ளும் முறை. வேனிற்காலத்துப் பயணத்திற்கு ஈரத்துணி சுற்றிய பையும் ஓரளவு உதவும்.

பதிவேட்டின் அருமைக்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு சான்றுண்டு. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்துப் பாக்ஸ்கான் தொழிற்சாலையிற் பணிசெய்த பெண்கள், பூந்தமல்லியை அடுத்த விடுதியில் உண்ட உணவால் நோயுற்று, நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். எவர் எங்குளர் என்பது உடனுறைந்தார்க்குத் தெரியாமையால், சிலர் இறந்தனர் என்னும் பொய்ச்செய்தி பரவி, தோழியர் இரவெல்லாம் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். இன்னார் இன்ன மருத்துவமனையில் உளர் என்று எழுதிய ஒரு தாள் அன்று கிடைத்திருப்பின் அவ்வச்சத்திற் பாதி குறைந்திருக்கும்.

எம் சுற்றுலா முடிந்து பள்ளிவாயிலில் பிள்ளைகளை ஒப்படைத்த மாலையில் அப்பையனின் தந்தையும் வந்திருந்தார். மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் போலும். எம்மருகே வந்து, "தம்பி, அடுத்த வருஷமும் கூட்டிப்போவார்களா?" என்று மட்டுங் கேட்டார். யாம் ஆசிரியரைப் பார்த்தோம். ஆசிரியர், "கட்டாயம் கூட்டிப்போவோம், ஐயா" என்றார். இவ்வாண்டு டிசம்பரில் அப்பள்ளியார் மீண்டும் புறப்படுகின்றனர். அவர்கட்கென யாம் கோடிட்டுக் கொடுத்த பதிவேட்டின் முதற்பக்கத்தில், பிள்ளைகளின் பெயருக்கும் முன்னதாக, பஸ் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணுக்கு இடம் விடப்பட்டிருக்கின்றது.